இருபத்திரண்டாவது ரேகை

தூக்குத் தண்டனையை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று அரசாங்கம் மேளம் கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான், பொன்செல்வியின் அண்ணன் கோமதிநாயகம் அவள் புருஷன் தவமணியை வெட்டினான். தவமணி காற்றாலைகளில் வேலை பார்த்தவன். ஏணி இறங்கி வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவனுக்கு, எதிரே வருவது மச்சான் என்று பார்த்துச் சிரிக்க மட்டுமே நேரம் இருந்ததாம். வேறு தெருக்காரன் தன் தங்கையைக் கட்டிக்கொண்டான் என்பதைத் தவிர நாயகத்துக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. பொன்செல்விக்கு அப்போது ஏழாவது மாதம்.

புதுச் சட்டத்தைப் பற்றி அந்த நாளில் எல்லோரும் பெருமையாகத்தான் பேசினார்கள். தூக்கு வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே மேடையில் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கொலைகாரனுக்கு விடுதலையே இல்லாத ஆயுள் சிறை. அவன் நெஞ்சுக்குள், இதயத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மருந்துக் கூடு. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர் உண்டு. ஜனங்கள் குண்டுமணி என்றார்கள். செத்தவனின் வாரிசு வருஷத்துக்கு ஒருமுறை, கொலை நடந்த தேதியோடு முடிகிற பதினைந்து நாளுக்குள், நேரில் வந்து விரல்ரேகை வைக்க வேண்டும். வைத்தால் குண்டுமணி இன்னும் ஒரு வருஷம் வாய்மூடிக் கிடக்கும். வைக்காவிட்டால் பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அது திறந்துகொள்ளும். வலி இருக்காது, தூக்கம் வருவது போலத்தான் என்றார்கள். ஆக, அரசாங்கம் யாரையும் கொல்லவில்லை. யாரோ ஒருத்தி வரவில்லை, அவ்வளவுதான்.

வாரிசுக்கு ஞாபகப்படுத்தி ஒரு கடிதம்கூடப் போகாது. வா என்று சொன்னாலும் வராதே என்று சொன்னாலும் அவள் மனசைத் திருப்பியது ஆகிவிடும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவு நியாயமான சட்டம்.

முதல் வருஷம் பொன்செல்வி பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறையை ஒட்டியிருந்த ஆயுள் பதிவு நிலையத்துக்குப் போனபோது, வாசலில் பத்துப் பதினைந்து கேமராக்கள் நின்றன. ரேஷன் கடையில் இருப்பதைப் போலவே ஒரு சின்ன இயந்திரம். அதேபோல முதல் தடவை ரேகை எடுக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள் என்றார்கள். துடைத்துவிட்டு வைத்தாள். மறுநாள் செய்தியில் அவளைத் தெய்வம் என்றார்கள். தவமணி வீட்டாரோ, "எங்க புள்ளையைக் கொன்னவனுக்கு உயிர்ப்பிச்சை போட்டுட்டு வந்துட்டா, அண்ணன் பாசம் விடுமா" என்று சொல்லி அவளோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். இரண்டுமே பொய். அவள் வைத்தது கோபத்தில். செத்தால் ஒரு நொடியில் முடிந்துபோகும், கிடந்து சாகட்டும் என்றுதான் வைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோபம் ஏழெட்டு வருஷம் தாங்கியது. அதன்பிறகு எதற்காக வைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வைக்காமல் இருப்பது எப்படி என்பதும் தெரியவில்லை. காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்த வருஷம் ஆம்புலன்சில் போய் வைத்தாள். ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போன வருஷம் டிராக்டரில் போனாள். தவமணிக்காகக் காற்றாலைக் கம்பெனி உதிரிபாகக் கிடங்கில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. குஜராத்தில் மேலாளர் வேலை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். ஆடிக்காற்று தொடங்கியதுமே தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்க்கப் போய்விடுவாள். சிறைக்குள் இருந்தவனாவது மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

பதினைந்து நாளில் முதல் நாளன்று காரோடு வந்து நிற்பவள் கனகு, நாயகத்தின் மனைவி. கல்யாணமாகி நாலு மாதம் குடித்தனம் நடத்தியவள். பொன்செல்வியைப் பிறந்த வீடு தலைமுழுகியிருந்தது. ஆனால் கனகு மட்டும் வருஷம் தவறாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவாள். போகும்போதும் வரும்போதும் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை மட்டும் கனகு ஜன்னலைப் பார்த்தபடி, "நான் தாலியறுத்தவளும் இல்ல, வாழுதவளும் இல்ல செல்வி. சட்டம் மாறும்னு எல்லாரும் சொல்லுதாங்க. அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றாள்.

மகள் தவமலர் வேறு மாதிரி. அப்பன் பெயரில் பாதியை வைத்துக்கொண்டு, அப்பனைப் போட்டோவில் மட்டும் பார்த்து வளர்ந்தவள். அவள் பெரிய மனுஷியான சடங்குக்குத் தாய்மாமன் சீர் என்று கனகு ஒரு தட்டில் பட்டுப்பாவாடையும் கொலுசும் வைத்துக்கொண்டு வந்தாள். மணையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய்த் தட்டை வாங்கி, அப்படியே தெருவில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. "கொன்னவன் வீட்டுத் துணி எனக்கு வேண்டாம் அத்தை. நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். கனகு இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

ரேகை வைப்பதற்கு முன்னால் வாரிசு கைதியை மூன்று நிமிஷம் பார்க்க வேண்டும், அது சட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாயகம் இருபது வருஷம் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான். இருபத்தோராவது வருஷம், அதாவது போன வருஷம், நிமிர்ந்தான். முன்மண்டை வழுக்கையாகி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

"செல்வி. அடுத்த வருஷம் வராத."

"ஏன்?" என்றாள்.

"அந்தப் புள்ளைக்கு இருபத்தொண்ணு ஆவப்போவுதுல்லா? பொறவு அவதான வரணும். தவமணி மவ வெரலை நீட்டி, நான் சோறு திங்கவா? என்னைய அவ கையில குடுத்துராத. நீயே முடிச்சு விட்டுரு."

கேட்டது வெட்கமா, பழைய திமிரா? அந்த ஜாதிக்காரப் பெண் போடும் பிச்சை வேண்டாம் என்கிறானா, அந்தக் குழந்தையின் தலையில் இந்தப் பாவம் ஏற வேண்டாம் என்கிறானா? அவன் முகத்தை எவ்வளவு பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று நிமிஷம் முடிந்து கண்ணாடி மங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பதிவு அலுவலர் பீர்முகமதுவிடம் கேட்டாள். ஆறு வருஷமாக அங்கே இருப்பவர். விதிகளை வாசிக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வார், மற்ற நேரம் மனுஷர்.

"ஆமாம்மா. கொல்லப்பட்டவரோட நேர் ரத்த வாரிசுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சா உரிமை அவங்களுக்கு. அடுத்த வருஷம் மட்டும் நீங்க ரெண்டு பேர்ல யாரு வச்சாலும் செல்லும். மக ஒருதடவை வச்சுட்டா, அதுக்குப் பொறவு அவங்க மட்டுந்தான்."

"நான் வச்சா?"

"அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து மக."

"எனக்கு வேண்டாம், எம் மவளுக்கும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

பீர்முகமது கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எழுதிக் குடுத்தா வராததுக்குச் சமம்."

"வெளியூர்ல இருந்து திரையில மொகத்தைக் காட்டி வைக்க முடியாதா?"

"கைதியை நேர்ல பாத்துட்டுத்தான் வைக்கணும். பாக்காம ஒருத்தர் உசுரை நீட்டிக்கவோ முடிக்கவோ கூடாதுன்னு சட்டம் போட்டவங்க யோசிச்சிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வராதவங்க பாக்க வேண்டாம் போல" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆக, கணக்கு வெளிப்படையாகிவிட்டது. நாயகத்துக்கு நாற்பத்தெட்டு ஆகப்போகிறது. அம்மா ரேகை வைத்தால், மகள் அதற்கடுத்த வருஷம் முதல் அவன் சாகும்வரை வருஷாவருஷம் வர வேண்டும். வராவிட்டால் மகள் கையில் ஓர் உயிர் போகும். இது எதுவுமே தவமலரைத் தொடாமல் இருக்க வேண்டுமென்றால், அடுத்த ஆடியில் அந்தப் பதினைந்து நாளும் பொன்செல்வி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் போதும்.

அவள் அதை முடிவு செய்ய ஏழு மாதம் பிடித்தது. முடிவு செய்ய வைத்தது, காற்றாலைப் படிப்பு முடித்திருந்த தவமலருக்கு வந்த கடிதம். தென்துருவக் கண்டத்தில் நம் நாட்டு ஆய்வு நிலையம் இருக்கிறதல்லவா, அங்கே பனிக்காற்றில் ஓடுகிற காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷ வேலை. நாடு முழுவதும் எடுத்த ஆறு பேரில் இவள் ஒருத்தி. போனால் இரண்டு பனிக்காலம் முடிந்துதான் திரும்பும் கப்பல். கடிதத்தை வாசித்த அன்று தவமலர் அடுப்படியில் நின்று ஆடினாள். அவள் ஆடி பொன்செல்வி பார்த்ததே இல்லை.

"எம்மா, அப்பாகூட இவ்வளவு ஒசரத்துல ஏறியிருக்க மாட்டாருல்லா?"

"மாட்டாரு. அவருக்குக் குளிரு வேற ஆவாது" என்றாள் பொன்செல்வி. அன்றைக்கே உள்ளுக்குள் முடித்துவிட்டாள்.

ஆடி வந்தது. முதல் நாள் காரோடு வந்த கனகுவிடம் தலைவலி என்றாள். நாலாம் நாள் கிடங்கில் ஆளில்லை என்றாள். அன்று சாயங்காலம் தவமலர் தானாகவே, "போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "வந்துட்டேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் மகள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பதினாலாம் நாள் கனகு மூன்றாம் முறையாக வந்தாள். பழச்சீப்பைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"நாளைக்குக் கடைசி செல்வி."

"தெரியும் மதினி."

"வர மாட்டியா?"

"அவனே வேண்டாம்னுட்டான். எம் புள்ளையாவது இதுல இருந்து தப்பிக்கட்டும் மதினி. ஒங்களுக்கும் ஒரு முடிவு வேண்டாமா?"

"எனக்கு முடிவு வேணும்னு நான் கேட்டனா?" என்றாள் கனகு. குரலை உயர்த்தவில்லை. "இருபத்திரண்டு வருஷம் ஒனக்காவ வாசல்ல நிக்கேன். ஒரு நாளாவது ஒன்னைய நிர்ப்பந்திச்சிருப்பனா? இப்பவும் நிர்ப்பந்திக்கல்ல." பழத்தை முற்றத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கார் வெகுநேரம் தெருமுனையிலேயே நின்றது. பொன்செல்வி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் காலையில் தவமலர், பனிக்குப் போடுகிற காலுறை வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பொன்செல்வி லீவு போட்டிருந்தாள். சோறு வடித்தாள். துணி துவைத்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கொலை செய்வது இவ்வளவு சும்மா இருப்பதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கையில் ரத்தமோ அரிவாளோ இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். நாயகம் சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியது நினைவுக்கு வந்தது. உடனே தவமணியின் சட்டையை ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது வந்தாலும் மற்றதும் கூடவே வந்தது.

இரண்டரை மணிக்கு அவளால் முடியவில்லை. பஸ் ஏறினாள். ரேகை வைப்பதற்கு இல்லை, அதில் உறுதியாகத்தான் இருந்தாள். ஆனால் கூடப்பிறந்தவன் போகும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கமாவது ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டாமா? பார்க்காமல் முடிக்கிற சௌகரியம் தனக்கு வேண்டாம் என்று பட்டது. அவனை வெறுத்தது உண்மை. இப்போது அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற அழுகையும் உண்மை. பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நிலையத்தில் அவள் நுழைந்தபோது நாலே கால். பீர்முகமது எழுந்து நின்றார்.

"நான் வைக்க வரல்ல சார்" என்றாள், அவர் வாய் திறப்பதற்குள். "சும்மா உக்காந்துக்கிடுதேன். அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு விதி இருக்கா?"

"உக்காருங்கம்மா மொதல்ல."

"இருக்கா சார்?"

பீர்முகமது கண்ணாடியைத் தேடவில்லை. மேஜை மேலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "காலையில பத்தரைக்கு உங்க மக வந்தாங்க. கூட அந்த அத்தையும். வச்சுட்டுப் போயிட்டாங்க."

தாளில் தவமலர் பெயர் அச்சாகியிருந்தது. நாயகத்தின் எண், அடுத்த வருஷத்தின் பதினைந்து தேதிகள், உரியவர் என்ற இடத்தில் மகள். அம்மா பெயருக்கு நேரே நீக்கப்பட்டது என்று இருந்தது. பொன்செல்வி அதை இரண்டு முறை வாசித்தாள். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை.

"நான் வந்து இப்ப வைக்கேன் சார். என்னுதை எடுத்துக்கிடுங்க. அவளோடதை அழிச்சிருங்க."

"முடியாதும்மா."

"ஒரு நாள்தான? இன்னிக்குத்தான? அவளுக்கு வெவரம் தெரியாது சார், சின்னப் புள்ள."

"எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை. வெவரமாத்தான் இருந்தாங்க." அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வரச் சொல்லவும் கூடாது, வராதேன்னும் சொல்லக் கூடாது. நான் என்னம்மா செய்ய?"

அவனைப் பார்க்க அவளுக்கு இனி அனுமதி இல்லை. உரிமை போனவளுக்கு அந்த மூன்று நிமிஷமும் கிடையாது. பீர்முகமது எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு, தடுப்புக் கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தானை அமுக்கினார். அது அவர் வேலைக்கே உலை வைக்கும் காரியம்.

கடைசி நாளில் கைதியை ஐந்து மணிவரை அங்கேயே வைத்திருப்பார்கள். நாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பினான். அவன் முகம் நனைந்திருந்தது. "நீ வரல்லன்னு எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுமா" என்றான். "கண்ணாடி தெளிஞ்சு பாத்தா, தவமணி நிக்கான். அதே மொகம், அதே நெத்தி. அந்தப் புள்ள ஒண்ணும் பேசல்ல. மூணு நிமிசமும் என்னையவே பாத்துட்டு வெரலை வச்சுட்டுப் போயிருச்சு. செல்வி, ஒவ்வொரு வருசமும் அந்த மொகத்தையாட்டீ நான் பாக்கணும்? நான் எப்படிட்டீ இருப்பேன்?"

இனி அவனுக்கு எதையும் தரவோ மறுக்கவோ அவளால் முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் அவனுக்கு வெறும் தங்கை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தவமலர் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அத்தை நேத்து என்னைய தெருமுனையில நிறுத்திச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"ஏம்ட்டீ இப்படிச் செஞ்ச? ஒனக்காவத்தான நான்..." என்றாள் பொன்செல்வி.

"அதுக்குத்தான் செஞ்சேன். எனக்காவ நீ ஒரு கொலை பண்ணுவ, நான் அங்க போயி பனியில காத்தாடி ஓட்டிக்கிட்டு இருக்கணுமா? எங்கப்பாவையும் ஒருத்தரு கூடப்பொறந்தவளுக்காவன்னுதான கொன்னாரு."

"அவனை மன்னிச்சிட்டியா?"

"இல்ல. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்ததும் வாந்தி வந்துச்சு. வெளிய வந்து எடுத்தேன். அத்தைதான் தலையைப் பிடிச்சாங்க."

"கப்பலு?"

"வர முடியாதுன்னு எழுதிப் போட்டுட்டேன்."

பொன்செல்வி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இருபத்தோரு வருஷம் இருந்த இடத்தில் இப்போது மகள் இருக்கிறாள். தள்ளிவிட்டது யார் என்று யாரையும் கைகாட்ட முடியாது. மகள் பழத்தில் பாதியை ஒடித்து அவள் கையில் வைத்தாள். மலையடிவாரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"எம்மா."

"ம்."

"ஒங்க வீட்டு ஆம்பளைங்கல்லாம் எத்தனை வயசு வரைக்கும் இருப்பாங்க?"

பொன்செல்வி ஒரு பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தாள்.

"எங்க தாத்தா தொண்ணூத்தாறு" என்றாள்.

தவமலர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.